பத்தாம் வகுப்பின் கடைசி மூன்று மாதங்கள்: வகுப்பைப் பிள்ளைகள் கையில் கொடுக்க ஒரு முழுமையான வழிகாட்டி

அரையாண்டு விடுமுறை முடிந்து ஜனவரியில் பள்ளி திறந்ததும் பத்தாம் வகுப்பின் முகமே மாறிவிடும். விளையாட்டுப் பீரியட் கணக்குப் பீரியட் ஆகிவிடும். காலையில் ஒரு சிறப்பு வகுப்பு, மாலையில் ஒன்று, நடுவில் ஒரு தேர்வு. ஜூன் முதல் குழு, செயல்பாடு, கலந்துரையாடல் என்று ஆசையாக நடத்திய ஆசிரியர்கூட, "இனி இதற்கெல்லாம் நேரம் ஏது?" என்று சாக்பீஸைத் திரும்ப வாங்கிக்கொள்வார். அரசு உயர்நிலைப் பள்ளியில் கணக்கு நடத்தும் நானும் பல வருடங்கள் அப்படித்தான் இருந்தேன்.

யோசித்துப் பார்த்தால் இது தலைகீழ். டிசம்பரிலேயே எட்டுப் பாடத்தையும் நடத்தி முடித்தாயிற்று. ஜனவரியில் நான் புதிதாகச் சொல்ல ஒன்றும் மிச்சமில்லை. நடத்தியதில் யாருக்கு எது போய்ச் சேர்ந்தது, எது சேரவில்லை என்பது பிள்ளைகளுக்குத்தான் தெரியும். அப்படியானால் இந்த மூன்று மாதமும் பேச வேண்டியவர்கள் அவர்கள். கடந்த சில ஆண்டுகளாக இதை நம்பி வகுப்பு நடத்துகிறேன். என் உதாரணங்கள் கணக்கிலிருந்து வரும். மற்றப் பாட ஆசிரியர்கள் தங்கள் பாடத்துக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளலாம்.

படி 1: அரையாண்டு விடைத்தாளை மதிப்பெண் போடாமல் திருப்பிக் கொடுங்கள்

மதிப்பெண்ணைப் பதிவேட்டில் ஏற்றிவிடுங்கள், ஆனால் விடைத்தாளின் முகப்பில் எழுதாதீர்கள். முகப்பில் 38 என்று இருந்தால் பிள்ளை அந்த 38-ஐத் தவிர வேறெதையும் பார்க்காது. தவறு நடந்த வரியின் கீழ் மெல்லிய கோடு ஒன்று மட்டும் போடுங்கள். சரியான விடையை எழுதிக் கொடுக்க வேண்டாம்.

பிறகு ஒரு முழுப் பீரியடை ஒதுக்குங்கள். கோடு போட்ட ஒவ்வொரு இடத்துக்கும் பக்கத்தில் பிள்ளைகளே ஓர் எழுத்து போட வேண்டும். தெரியாமல் விட்டதற்கு "தெ", தெரிந்தும் கவனக்குறைவால் போனதற்கு "க", கேள்வியே புரியாமல் போனதற்கு "கே", நேரம் போதாததற்கு "நே". முதல் பத்து நிமிடம் எல்லாரும் எல்லாவற்றுக்கும் "க" போடுவார்கள். பதினைந்தாவது வயதில் "எனக்குத் தெரியாது" என்று எழுத யாருக்கு மனம் வரும்? அவசரப்படாதீர்கள். "க" போட்ட கணக்கைப் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு இப்போதே மறுபடி போடச் சொல்லுங்கள். வந்தால் "க", வராவிட்டால் "தெ". மனசாட்சிக்கு விட்டுவிட்டாலே போதும், அழித்துத் திருத்திக்கொள்வார்கள்.

ஒரு வருடம் நடந்ததைச் சொல்கிறேன். தொடுகோடு வரைகிற கணக்கு: 6 செ.மீ. விட்டமுள்ள வட்டம் வரைந்து, மையத்திலிருந்து 8 செ.மீ. தொலைவில் உள்ள புள்ளியிலிருந்து இரண்டு தொடுகோடுகள் வரைய வேண்டும். நீளம் ஏறத்தாழ 7.4 செ.மீ. வர வேண்டும். ஒரு பையனுக்கு 5.3 வந்திருந்தது. பழைய பழக்கமாக இருந்தால் பெருக்கல் குறி போட்டு அடுத்த தாளுக்குப் போயிருப்பேன். அவன் தன் படத்தையே கொஞ்ச நேரம் பார்த்தான். மையக்குத்துக்கோடு சரி, இரண்டாவது வட்டம் சரி. ஸ்கேலை எடுத்து முதல் வட்டத்தை அளந்தான். "சார், நான் காம்பஸை ஆறுக்கு வச்சுட்டேன் சார். விட்டம்னு போட்டிருக்கு."

வகுப்பில் வேறு யாருக்கெல்லாம் 5.3 வந்தது என்று கேட்டேன். ஏழு கைகள் உயர்ந்தன. அந்த ஏழு பேரும் சேர்ந்து ஒரு வழி கண்டுபிடித்தார்கள்: கேள்வியில் "விட்டம்" என்ற சொல்லைப் பார்த்ததும் அதைச் சுற்றி பென்சிலால் ஒரு வட்டம் போட்டுவிட வேண்டும். மார்ச்சுக்குள் வகுப்பு முழுவதும் அப்படிச் செய்தது. "விட்டமா ஆரமா பார்த்துப் போடுங்கடா" என்று நான் அந்த வருடம் நூறு முறையாவது சொல்லியிருப்பேன். நான் சொன்னது ஒட்டவில்லை, அவர்கள் கண்டுபிடித்தது ஒட்டிக்கொண்டது.

படி 2: ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு தாள்

அடுத்த நாளே இதைத் தொடங்குங்கள். ஒரு முழுத்தாளில் எட்டுப் பாடங்களையும் கணக்கு வகைகளாகப் பிரித்து எழுதச் சொல்லுங்கள். "இயற்கணிதம் தெரியும், முக்கோணவியல் தெரியாது" என்று மொத்தமாகச் சொல்வதில் பயன் இல்லை. முக்கோணவியலில் ஏற்றக்கோணக் கணக்கு நன்றாகப் போடுகிற பெண்ணுக்கு முற்றொருமையை நிறுவுவது மட்டும் வராமல் இருக்கலாம். வகை வகையாகப் பிரித்தால் முப்பது, நாற்பது வரிகள் வரும். ஒவ்வொரு வரிக்கும் எதிரே மூன்றில் ஒரு குறி: தனியாகப் போடுவேன், உதவியோடு போடுவேன், இன்னும் வரவில்லை.

"தனியாகப் போடுவேன்" என்று குறித்ததைப் பக்கத்தில் இருப்பவர் சோதிக்க வேண்டும். அந்த வகையில் ஒரு கணக்கு கொடுத்து, போட்டு முடித்ததும் கையெழுத்து. இந்தச் சோதனை இரண்டு வகைப் பிள்ளைகளைக் காட்டிக்கொடுக்கும். தெரியாததைத் தெரியும் என்று நினைத்திருந்தவர்கள் ஒரு வகை. தெரிந்ததையும் தெரியாது என்று குறித்து வைத்திருந்தவர்கள் இன்னொரு வகை. எனக்கு இரண்டாம் வகைதான் அதிகக் கவலை. யாரோ என்றைக்கோ "உனக்குக் கணக்கு வராது" என்று சொன்னதை அந்தப் பிள்ளை இன்னும் சுமந்துகொண்டிருக்கும்.

தாள் தயாரானதும் வாரத்துக்கு மூன்று வரிகளை அவர்களே தேர்ந்தெடுக்கட்டும். எதை முதலில் எடுப்பது என்று முடிவு செய்ய வினாத்தாளின் கணக்கு தெரிய வேண்டும், அதையும் மறைக்காமல் பலகையில் எழுதிப் போடுங்கள். ஒரு மதிப்பெண் வினா 14, இரண்டு மதிப்பெண் 10, ஐந்து மதிப்பெண் 10, எட்டு மதிப்பெண் 2, மொத்தம் 100. தேர்ச்சிக்கு 35. செய்முறை வடிவியலும் வரைபடமும் சேர்ந்தாலே 16. இதைப் பார்த்ததும் பயந்த பிள்ளைகளின் முகத்தில் ஒரு தெளிவு வரும்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். "மெல்லக் கற்கும் மாணவர்" என்று ஒரு பட்டியல் போட்டு, அவர்களைத் தனி பெஞ்சில் உட்கார வைத்து, கையில் குறைந்தபட்சக் கற்றல் கையேட்டைக் கொடுக்கும் வழக்கம் பல பள்ளிகளில் இருக்கிறது. கையேடு நல்லதுதான், நானும் பயன்படுத்துகிறேன். தனி பெஞ்ச்தான் வேண்டாம் என்கிறேன். அங்கே உட்கார்ந்த பிள்ளை, தன்னிடம் வகுப்பு எதிர்பார்ப்பது 35 மட்டும்தான் என்று ஒரே நாளில் புரிந்துகொள்ளும். எல்லாரும் ஒரே மாதிரித் தாள் வைத்திருக்கட்டும். 95 வாங்குகிற பெண்ணின் தாளிலும் "இன்னும் வரவில்லை" என்று இரண்டு வரி இருக்கும். அதைப் பக்கத்துப் பையன் பார்ப்பதே அவனுக்குப் பெரிய ஆறுதல்.

படி 3: நான்கு பேர் குழு, சாக்பீஸ் கற்றுக்கொண்டவர் கையில்

தமிழ்நாட்டு ஆசிரியர்களுக்குக் குழுக் கற்றல் புதிது இல்லை. 2003-ல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் தொடங்கியது. சில ஆண்டுகளில் அது மாநிலம் முழுவதும் தொடக்கப் பள்ளிகளுக்குப் போனது. பாட அட்டையும் கற்றல் படிகளைக் காட்டும் ஏணிப் படமுமாகப் பிள்ளைகள் தரையில் வட்டமாக உட்கார்ந்து தங்கள் வேகத்தில் படித்தார்கள். நடுநிலை வகுப்புகளுக்கு மனவரைபடம், தொகுத்தல், கலந்துரையாடல் என்று படைப்பாற்றல் கல்வி வந்தது. பத்தாம் வகுப்பின் வாசலில் மட்டும் "பொதுத்தேர்வு" என்ற சொல் அதை நிறுத்திவிட்டது. நாம் அதை வாசலைத் தாண்டி உள்ளே அழைத்து வந்தால் போதும்.

குழு என்றால் நான்கு பேர். ஐந்தாவது ஆள் வேடிக்கை பார்ப்பார். நன்றாகப் படிக்கிற ஒருவரைத் தலைவராக்கி மூன்று பேரை அவரிடம் ஒப்படைக்கும் முறை வேண்டாம். அவர் குட்டி வாத்தியார் ஆகிவிடுவார், மற்றவர்கள் எழுதி எடுத்துக்கொள்வார்கள், அவ்வளவுதான். அதற்குப் பதில் நால்வரிடமும் ஆளுக்கொரு துண்டு இருக்கும்படி வேலையைப் பிரியுங்கள். 1971-ல் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் ஆஸ்டின் நகரப் பள்ளிகளில் வெள்ளை, கறுப்பினப் பிள்ளைகள் ஒரே வகுப்பில் உட்காரத் தொடங்கியபோது ஒருவரை ஒருவர் ஒதுக்கினார்கள். அதைச் சரிசெய்ய எலியட் ஆரன்சன் என்ற உளவியலாளர் இப்படித் துண்டு துண்டாகப் பாடத்தைப் பிரித்துக் கொடுத்தார். பக்கத்துப் பிள்ளையின் துண்டு இல்லாமல் யாருக்கும் பாடம் முழுமை அடையாது. ஊரில் தெருவுக்குத் தெரு பிரிந்து கிடக்கும் நம் வகுப்பறைகளிலும் இது வேலை செய்வதை நான் பார்த்திருக்கிறேன்.

அளவியலை எடுத்துக்கொள்ளுங்கள். குழுவில் ஒருவருக்குக் கூம்பு, ஒருவருக்குக் கோளம், ஒருவருக்கு அரைக்கோளம், ஒருவருக்கு இடைக்கண்டம் (நுனி வெட்டிய கூம்பு). எல்லாக் குழுவிலிருந்தும் கூம்புக்காரர்கள் ஒரு மூலையில் கூடிப் படிப்பார்கள், அரைக்கோளக்காரர்கள் இன்னொரு மூலையில். இருபது நிமிடம் கழித்துத் தங்கள் குழுவுக்குத் திரும்பி மற்ற மூவருக்கும் சொல்ல வேண்டும். அப்புறம் நான் ஒரு கணக்கு கொடுப்பேன்: அரைக்கோளத்தின் மேல் கூம்பு பொருத்திய பொம்மை, அதன் மொத்தப் புறப்பரப்பு என்ன?

வருடா வருடம் இதில் நடக்கும் தவறு ஒன்றுதான். இரண்டின் மொத்தப் புறப்பரப்பையும் கண்டுபிடித்துக் கூட்டிவிடுவார்கள். ஒருமுறை ஒரு குழுவில் சண்டையே வந்தது. அவர்களில் ஒரு பெண் மதிய இடைவேளையில் சத்துணவுக் கூடத்துக்குப் போய் ஒரு கொட்டாங்குச்சி வாங்கி வந்தாள். கடலை மடிக்கிற மாதிரி காகிதத்தைச் சுருட்டி அதன் மேல் கவிழ்த்தாள். "இப்போ பெயின்ட் அடிக்கணும்னா எங்கெங்க அடிப்ப? உள்ள இருக்கிற வட்டத்துல அடிக்க முடியுமா?" சண்டை நின்றுவிட்டது. ஒட்டிக்கொண்ட இடத்தில் வட்டமே வெளியில் இல்லை, ஆகவே வளைபரப்புகளை மட்டும் கூட்டினால் போதும். அந்தக் கொட்டாங்குச்சி வருடக் கடைசி வரை ஜன்னலில் இருந்தது.

இரண்டு விதிகளைக் கண்டிப்பாக வையுங்கள். சொல்லிக் கொடுப்பவர் மற்றவர் பேனாவைத் தொடக் கூடாது. பலகைக்கு வர வேண்டியவர் சொல்லிக் கொடுத்தவர் இல்லை, இப்போதுதான் கற்றுக்கொண்டவர். தடுமாறுவார், பரவாயில்லை. தடுமாறும்போது குழு உட்கார்ந்த இடத்திலிருந்து குரல் கொடுக்கலாம்.

வகுப்பு சத்தமாகத்தான் இருக்கும். தலைமை ஆசிரியரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், ஒருநாள் வந்து பின் பெஞ்சில் உட்காரச் சொல்லுங்கள். நான் கையைத் தூக்கினால் எல்லாரும் கையைத் தூக்கி அமைதியாக வேண்டும் என்று ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன். பத்து விநாடியில் அடங்கிவிடும்.

படி 4: தேர்வைப் பிள்ளைகளே எழுதட்டும், கேள்வியையும் சேர்த்து

தினசரித் தேர்வு வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். திரும்பத் திரும்பப் படிப்பதைவிட மூடி வைத்துவிட்டு நினைவிலிருந்து எழுதுவது ஆழமாகப் பதிகிறது. 2006-ல் ரோடிகர், கார்பிக் என்ற இரு அமெரிக்க உளவியலாளர்கள் இதைச் சோதித்தார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது திரும்பத் திரும்பப் படித்தவர்கள் முன்னால் இருந்தார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் முன்னால் போயிருந்தார்கள். முதல் நாள் இரவு மனப்பாடம் செய்து மறுநாள் கொட்டிவிட்டு அடுத்த வாரம் மறந்துபோகும் பிள்ளைகளை நாம் தினமும் பார்க்கிறோமே, அதே சங்கதிதான்.

ஆனால் தேர்வு என்றதும் மதிப்பெண், கையொப்பம், முட்டி போடுவது என்று போகக் கூடாது. ஐந்து கேள்வி, பதினைந்து நிமிடம், அவர்களே திருத்திக்கொள்வார்கள். பதிவேடு வேண்டாம். படி 2-ல் சொன்ன தாளில் குறி மாறுகிறதா என்பதே போதுமான பதிவு.

வெள்ளிக்கிழமை வினாத்தாளை ஒரு குழு தயாரிக்கட்டும். ஒரு மதிப்பெண் வினாவுக்கு நான்கு விடைகள் கொடுக்க வேண்டும். தவறான மூன்றும் யாராவது உண்மையிலேயே செய்கிற தவறிலிருந்து வர வேண்டும் என்பது நிபந்தனை. இரண்டு பகடைகளை உருட்டினால் கூறுவெளியில் (வரக்கூடிய எல்லா முடிவுகளின் தொகுப்பில்) எத்தனை உறுப்புகள் என்ற கேள்விக்கு ஒரு குழு 36, 12, 6, 21 என்று கொடுத்திருந்தது. 12 ஆறையும் ஆறையும் கூட்டுகிறவர்களுக்கு. 6 ஒரு பகடையை மறந்தவர்களுக்கு. 21 எங்கிருந்து வந்தது என்று எனக்கே முதலில் பிடிபடவில்லை. அந்தக் குழுப் பெண் விளக்கினாள்: (1,2), (2,1) இரண்டையும் ஒன்று என்று எண்ணினால் 21 வரும் சார். பிறகு ஏன் அப்படி எண்ணக் கூடாது என்று காட்ட, ஒரு பகடையைச் சிவப்பு சாக்பீஸாலும் இன்னொன்றை வெள்ளை சாக்பீஸாலும் பூசி எடுத்து வந்தாள். கேள்வி கேட்கத் தெரிந்த பிள்ளைக்குப் பதில் சொல்வது சிரமமே இல்லை.

படி 5: திருப்புதல் தேர்வில் தேர்வு அறையைப் பழக்குங்கள்

பொதுத்தேர்வு அறையில் 10 மணிக்கு மணி அடித்ததும் பத்து நிமிடம் வினாத்தாளைப் படிக்க, ஐந்து நிமிடம் விவரங்களைச் சரிபார்க்க, 10.15 முதல் 1.15 வரை எழுத. இதே நேரத்தை வைத்துத் திருப்புதல் தேர்வுகளை நடத்துங்கள். அந்தப் பத்து நிமிடத்தில் என்ன செய்ய வேண்டும் என்று பயிற்சி இல்லாத பிள்ளை, முதல் கேள்வியை மட்டும் வெறித்துப் பார்த்துக்கொண்டிருக்கும்.

கணக்கில் இரண்டு மதிப்பெண் பகுதியில் 14 கேள்வி, 10 எழுத வேண்டும், 28-வது கட்டாயம். ஐந்து மதிப்பெண் பகுதியிலும் அப்படியே, 42-வது கட்டாயம். கட்டாய வினாவை விட்டுவிட்டு மற்ற பத்தை எழுதிவிட்டு வரும் பிள்ளைகள் உண்டு. பத்து நிமிட வாசிப்பில் முதல் வேலை இந்த இரண்டையும் பார்ப்பது.

எந்த வரிசையில் எழுதுவது என்பதை நான் சொல்வதில்லை. மூன்று மணி நேரத்தில் நூறு மதிப்பெண் என்றால் ஐந்து மதிப்பெண் கணக்குக்கு ஒன்பது நிமிடம். இந்த ஒரு கணக்கை மட்டும் போட்டுக் காட்டிவிட்டு, ஆளுக்கொரு நேரத் திட்டம் எழுதச் சொல்வேன். முதல் திருப்புதலில் ஒருமுறை, இரண்டாவதில் ஒருமுறை சோதித்து மாற்றிக்கொள்வார்கள். கை சூடாகட்டும் என்று வடிவியலை முதலில் வரைபவர் உண்டு, நடுக்கம் குறையட்டும் என்று ஒரு மதிப்பெண்ணில் தொடங்குபவர் உண்டு. இரண்டும் சரி.

திருப்புதல் மதிப்பெண்ணைத் தர வரிசையாக அறிவிப்புப் பலகையில் ஒட்டாதீர்கள். மாநிலத்தில் முதலிடம், இரண்டாமிடம் என்று அறிவிப்பதை அரசே 2017-ல் நிறுத்திவிட்டது. வகுப்புக்குள் அதை நாம் ஏன் தொடர வேண்டும்?

படி 6: பெற்றோர் கூட்டத்தில் பிள்ளை பேசட்டும்

பிப்ரவரியில் ஒரு கூட்டம் போதும். நூறு நாள் வேலைக்கும் மில்லுக்கும் போகிற பெற்றோரை வேலை நாளில் பகல் பதினோரு மணிக்குக் கூப்பிட்டால் ஒரு நாள் கூலி போகும். மாலை ஆறு மணிக்கு வையுங்கள். அம்மா அப்பா வெளியூரில் என்றால் பாட்டி வரட்டும்.

முதல் ஐந்து நிமிடம் பிள்ளை தன் தாளை வைத்துப் பேசும். "இதெல்லாம் எனக்கு வரும், இது இன்னும் வரலை, இந்த வாரம் இதைப் படிக்கிறேன்." ஆசிரியர் வாயைத் திறக்கக் கூடாது. எழுதப் படிக்கத் தெரியாத ஒரு அம்மா அந்தத் தாளில் இருந்த கையெழுத்துகளை விரலால் ஒவ்வொன்றாக எண்ணினார். "இம்புட்டும் உனக்குத் தெரியுமா?" என்று கேட்டார். அந்தப் பையன் அதுவரை நிமிர்ந்து நின்று நான் பார்த்ததில்லை.

"நல்லா அடிங்க சார், கேக்க மாட்டேன்" என்று சொல்லும் அப்பாக்களிடம், அடிப்பது வேண்டாம், இரவு பத்தரைக்குள் தூங்க விடுங்கள் என்று கேளுங்கள். பங்குனி மாதம் ஊரெல்லாம் திருவிழா, கூம்பு ஸ்பீக்கர் அலறும். இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கி கூடாது என்று விதியே இருக்கிறது. எங்கள் பிள்ளைகள் தாங்களே ஒரு விண்ணப்பம் எழுதி, பதினைந்து பேர் போய் ஊர்ப் பெரியவர்களிடம் கொடுத்தார்கள். தேர்வு முடியும் வரை எட்டரைக்கே நிறுத்திவிடுகிறோம் என்று சொன்னார்கள், சொன்னபடி செய்தார்கள். நான் போய்க் கேட்டிருந்தால் நடந்திருக்குமா, தெரியாது.

படி 7: வயிறும் மனசும்

காலை உணவுத் திட்டம் தொடக்க வகுப்புகளுக்குத்தான். எட்டு மணிச் சிறப்பு வகுப்புக்கு வருகிற பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கு மதியச் சத்துணவு வரை ஒன்றும் இல்லை. சுண்டலோ வாழைப்பழமோ கொடுக்க வழி செய்ய முடியவில்லை என்றால் காலைச் சிறப்பு வகுப்பையே விட்டுவிடுங்கள் என்பது என் கருத்து. பெற்றோர் ஆசிரியர் கழகத்திலும் முன்னாள் மாணவர்களிடமும் கேட்டால் கிடைக்கும். கேட்க வெட்கப்படாதீர்கள்.

திடீரென்று பேச்சு குறைந்துவிட்ட பிள்ளை, எழுதியதை அடித்துக்கொண்டே இருக்கிற பிள்ளை, இரண்டு நாள் வராத பிள்ளை, இவர்களைக் குறித்து வையுங்கள். 14417 என்ற பள்ளிக் கல்வித் துறை உதவி எண்ணையும் 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணையும் பலகையின் மூலையில் ஜனவரியில் எழுதி, ஏப்ரல் வரை அழிக்காமல் வையுங்கள். இரண்டு நாளுக்கு மேல் வராத பிள்ளையின் வீட்டுக்கு மாலையில் நேரில் போங்கள், குழுவில் ஒருவரையும் கூட்டிக்கொண்டு.

படி 8: பிரிவு உபசார விழாவைப் பிள்ளைகளிடமே விடுங்கள்

மூன்று மாதம் பாடத்தை அவர்கள் கையில் கொடுத்துவிட்டு, விழாவை மட்டும் நாம் நடத்தினால் நன்றாக இருக்காது. பிப்ரவரி இறுதியில், பொதுத்தேர்வுக்கு இரண்டு வாரம் முன்பு, ஒரே ஒரு பிற்பகல். திட்டம், வரவேற்பு, செலவுக் கணக்கு எல்லாம் பிள்ளைகள். நான் வைக்கும் நிபந்தனை ஒன்றுதான்: பணம் கொடுக்க முடியாததால் யாரும் வராமல் இருக்கக் கூடாது. ஒருமுறை தலைக்கு 150 ரூபாய் என்று அவர்களே முடிவு செய்தார்கள். அன்றைக்கு ஆறு பேர் "காய்ச்சல்" என்று வரவில்லை. அடுத்த வருடம் அந்தக் கதையை மட்டும் சொன்னேன். விவாதித்து, கேக் வேண்டாம், வீட்டிலிருந்து ஆளுக்கொரு பண்டம் என்று மாற்றினார்கள். முறுக்கு, கடலை உருண்டை, ஒருத்தி கொண்டுவந்த பனங்கிழங்கு. சாப்பாடு மிஞ்சியது.

கடைசி நாளில் சட்டையில் மை தெளிக்கிற பழக்கத்தைத் தடை போட்டு நிறுத்த முடியாது. ஒரு மாணவிதான் வகுப்பில் எழுந்து சொன்னாள், "இந்த யூனிபார்மை ஜூன்ல என் தங்கச்சி போடணும்." பிறகு அவர்களே பத்து முழம் வெள்ளைத் துணி வாங்கி வராந்தாவில் விரித்தார்கள். மை, கைரேகை, கையெழுத்து, திட்டு, மன்னிப்பு எல்லாம் அதில் போனது. அந்தத் துணி எங்கள் ஆய்வக அலமாரியில் இருக்கிறது. வேலைக்குப் போன பழைய பிள்ளைகள் வந்தால் முதலில் அதைத்தான் எடுத்து விரிக்கச் சொல்கிறார்கள்.

நடுவில் படிப்பை நிறுத்திவிட்டுப் போன பிள்ளைகளையும் அன்றைக்குக் கூப்பிடுங்கள். குரூப் போட்டோவில் அவர்களும் நிற்கட்டும். அந்த ஒரு பிற்பகலால் தனித்தேர்வராகத் திரும்பி வந்தவர்கள் இரண்டு பேர் எனக்குத் தெரியும்.

இன்னொரு வேலையும் அன்றே முடியும். ஒன்பதாம் வகுப்புக்கு ஆளுக்கொரு கடிதம். "எந்தக் கணக்கில் நான் ஏமாந்தேன், நீ எப்படித் தப்பிக்கலாம்" என்று அரைப் பக்கம். ஜூனில் புதிய பத்தாம் வகுப்பின் முதல் பீரியடில் அதைத்தான் படிக்கக் கொடுக்கிறேன்.

படி 9: தேர்வு நாட்கள்

புதிதாக எதுவும் சொல்லாதீர்கள். தேர்வுக்கு முன்தினம் "இது வரலாம், அது வரலாம்" என்று வாட்ஸ்அப்பில் கேள்வி அனுப்பாதீர்கள். ஒரு தேர்வு முடிந்ததும் விடைகளை ஒப்பிட்டுப் பார்ப்பதை நிறுத்துங்கள். தேர்வு மையம் வேறு ஊரில் என்றால், குழுக் குழுவாகச் சேர்ந்தே பேருந்தில் போகட்டும். ஒருவர் வராவிட்டால் மற்ற மூவருக்கும் தெரியும்.

ஒன்பதாம் வகுப்பை மறந்துவிட வேண்டாம். பாதி ஆசிரியர்கள் தேர்வுப் பணிக்குப் போன பிறகு அவர்கள் கேட்பாரற்றுக் கிடப்பார்கள். படி 2-ன் தாளை அவர்கள் அந்த வாரங்களில் தங்கள் பாடத்துக்குத் தயாரிக்கலாம்.

படி 10: தேர்வுக்குப் பிறகு

கடைசித் தேர்வுக்கும் முடிவுக்கும் நடுவில் ஒருநாள் பள்ளிக்கு வரச் சொல்லுங்கள். பதினொன்றாம் வகுப்பில் என்னென்ன பிரிவுகள், ஐ.டி.ஐ.-யில் என்ன இருக்கிறது, மூன்று ஆண்டு பாலிடெக்னிக் பட்டயம் எப்படி என்று பேச, அந்தந்த இடத்தில் படிக்கிற உங்கள் பழைய மாணவர்களையே கூப்பிடுங்கள். நாம் சொல்வதைவிட அண்ணன், அக்கா சொல்வது ஏறும். பெற்றோருக்கு ஒரு செய்தி கட்டாயம் போய்ச் சேர வேண்டும்: மருத்துவம், பொறியியல் உள்ளிட்ட படிப்புகளில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத உள் ஒதுக்கீடு, ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு. நல்ல மதிப்பெண் வந்துவிட்டது என்று பதினொன்றாம் வகுப்புக்குத் தனியார் பள்ளிக்கு மாற்றிவிட்டு, இரண்டு வருடம் கழித்து வந்து வருத்தப்பட்ட குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன்.

மே மாதம் முடிவு வரும் நாளில் போன் ஓயாமல் அடிக்கும். 490 வாங்கியவர்களுக்கு வாழ்த்துச் சொல்ல ஊரே இருக்கிறது. நீங்கள் முதலில் பேச வேண்டியது தேர்ச்சி பெறாத பிள்ளைகளிடம். போனில் வேண்டாம், அன்று மாலையே வீட்டுக்குப் போங்கள். துணைத் தேர்வு அடுத்த சில வாரங்களில் வருகிறது, அதில் தேர்ச்சி பெற்றால் இந்த ஆண்டே மேற்கொண்டு சேரலாம் என்பதை வீட்டில் எல்லாரும் இருக்கும்போது சொல்லுங்கள். போகும்போது அந்தப் பிள்ளையின் தாளை மறக்காமல் எடுத்துப் போங்கள். குறிகளை அதுவே ஒருமுறை புதுப்பிக்கட்டும். பிறகு இந்த வாரத்துக்கான மூன்று வரிகளை அந்தப் பிள்ளையையே தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள், மறுநாள் காலை எத்தனை மணிக்கு வரலாம் என்பதையும்.